இடது குதிகால்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து மட்டும் கொஞ்சம் அழகாக இருக்கும், அதைப் பார்த்துவிட்டு, படித்தவள் என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள். மறதியும் வந்துவிட்டது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று குழம்பும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிள்ளானில் கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, ஊட்டுவது. இப்போது அங்கே ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் ரெஜினா ஆண்டு மலர் போடுகிறாள். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். எனக்கு வந்த தலைப்பு விசுவாசமும் நற்செயல்களும்.

"ரெஜினா, இது ஃபாதர் எழுத வேண்டியதும்மா" என்றேன்.

"ஃபாதர் எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க ஆன்டி. நீங்க எழுதுங்க லா."

போன மாதம் இல்லத்துக்குப் போயிருந்தபோது கட்டில்களின் கால்மாட்டில் அட்டைகளைக் காணவில்லை. இப்போது எல்லாம் கைபேசியில். குளிப்பாட்டினால் ஒரு தட்டு, முதுகு பார்த்தால் ஒரு தட்டு. ரெஜினா எனக்குக் காட்டினாள்.

"பாக்காமலே தட்ட முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியும் ஆன்டி. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போகும்.

புருஷன் தவறிய மறு வருஷம் வேலைக்குப் போனேன். வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். விடிவதற்கு முன் ரயில் ஏறிக் கிள்ளானில் இறங்கி நடக்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் துணி துவைக்கிற இடத்தில் இருந்தேன். பிறகு ஒருநாள் சிஸ்டர் எமிலி வந்து, நான் போர்வை மடிக்கிறதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாளைக்கு மேல வா" என்றார். நான் வேலை கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

சிஸ்டர் எமிலி தைப்பிங்காரர், முன்பு நர்ஸாக இருந்தவர். குள்ளமாக இருப்பார். ரப்பர் அடி வைத்த காலணி போட்டிருப்பதால் வருவது தெரியாது. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நன்றாகச் செய்தாய் என்று சொல்லியும் கேட்டதில்லை. நன்றாகச் செய்திருந்தால் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அதுதான் பாராட்டு.

குளிப்பாட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் முகம், சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில். பிறகு கழுத்து, கை, நெஞ்சு, முதுகு. அதோடு தண்ணீரை மாற்ற வேண்டும். இடுப்புக்குக் கீழே முடித்து இன்னொரு தடவை மாற்ற வேண்டும். கடைசியில் பாதம். கால் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துணியை ஒற்றித் துடைக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. அப்புறம் குதிகால். படுத்தே கிடப்பவர்களுக்குக் குதிகாலில்தான் முதலில் புண் வரும், அவர்களுக்கே தெரியாது. அதற்காக எங்கள் ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருக்கும். காலை அதிகம் தூக்காமல் கண்ணாடியை அடியில் நீட்டிப் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் விரலால் அழுத்த வேண்டும். அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் ஓடிப்போய் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். பார்த்து முடித்ததும் அட்டையில் முதுகு, இடுப்பு, வலது குதிகால், இடது குதிகால் என்று இருக்கிற கட்டங்களில் டிக் போட்டுப் பக்கத்தில் நம் எழுத்தைப் போட வேண்டும். என் எழுத்து பி. என் பெயர் பிலோமினா.

மேலே வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் காலை ஜெபத்துக்கு மணி அடித்ததும் நாலாம் நம்பர் கட்டில் பாட்டியை ஈரத்தோடு போர்த்திவிட்டுச் சிற்றாலயத்துக்கு ஓடினேன். அது நல்ல காரியம் என்று நினைத்தேன். ஜெபமாலையில் இரண்டாவது பத்து ஆரம்பிக்கும்போது சிஸ்டர் பின்னால் வந்து தோளைத் தொட்டார்.

"பிலோ, மாதா காத்திருப்பாங்க. நாலாம் நம்பர் காத்திருக்க மாட்டாங்க."

எழுந்து போனேன். பாட்டி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஜெப நேரத்தில் பாதி நாள் நான் கட்டில் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலில் என்னைப் பார்க்கிறவர்கள், "உங்களுக்கு மோட்சம் நிச்சயம் பிலோ, எவ்வளவு புண்ணியமான வேலை" என்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். குளிப்பாட்டும்போது நான் கடவுளை நினைத்ததில்லை. நாலு மணி ரயிலை நினைப்பேன். இதை ஒருநாள் சிஸ்டரிடம் சொன்னேன், மனசு உறுத்தியதால்.

"கடவுள நினைக்காம செஞ்சா அது நற்செயலா சிஸ்டர்?"

"நீ எதை நினைக்கிற?"

"ரயில."

"குதிகாலைப் பாத்துட்டு ரயில நினை" என்றார்.

இனி உபதேசியார் சவரிமுத்துவைப் பற்றி எழுத வேண்டும். அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் பங்குப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். நான் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்க அவரிடம்தான் படித்தேன். கேள்வி கேட்பார், எல்லாரும் ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் தனித்தனியாகக் கேட்பார்.

"விசுவாசம் மட்டும் போதுமா?"

"போதாது உபதேசியாரே."

"நற்செயல் மட்டும் போதுமா?"

"போதாது உபதேசியாரே."

"அப்ப என்ன?"

அங்கேதான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தேவ இஷ்டப்பிரசாதம் என்று சொல்ல வேண்டும். இப்போது அதை அருள் என்கிறார்கள், சுலபமாகிவிட்டது. கடவுள் முதலில் சும்மா கொடுக்கிறார், நாம் சம்பாதித்தது இல்லை, அதை வாங்கிக்கொண்டவன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டான் என்று அதற்கு விளக்கம். ஒரு வருஷம் முழுக்க நான் அந்த வார்த்தையைச் சொல்லாமல் முட்டிபோட்டேன்.

அறுபது வயதை நான் தொடும் நேரத்தில் அவர் எங்கள் இல்லத்துக்கு வந்தார். மனைவி போய்விட்டார். ஒரே மகன் லாரன்ஸ், போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவன். அவன் ஒரு இந்துப் பெண்ணை விரும்பி மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினான். இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. எங்கள் இல்லத்திலிருந்து போர்ட் கிள்ளான் ரயிலில் கொஞ்ச தூரம்தான்.

உபதேசியாருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. காலில் உணர்ச்சி குறைவு. குளிப்பாட்டும்போது பழைய கேள்வியைக் கேட்பார். மூன்றாவது பதிலை நான் இன்னும் சரியாகச் சொல்லவில்லை. "நீ தேறமாட்ட" என்பார். பாத்ரூமில் முட்டிபோடச் சொல்லவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை, இடது காலைக் கொடுக்க மாட்டேன் என்றார். காலுறை போட்டிருந்தார்.

"பிலோ, இது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளது. குதிகால்ல சின்னதா ஒரு கொப்பளம். மருந்து போட மாட்டேன்னு நேர்ந்திருக்கேன். வேளாங்கண்ணி எண்ணெய் மட்டும்தான். ஈஸ்டர் வரைக்கும் யாரும் தொடக்கூடாது, டாக்டர் பாக்கக்கூடாது."

"எதுக்கு உபதேசியாரே?"

"லாரன்ஸ் ஈஸ்டர் பூசைக்கு வரணும்."

"சிஸ்டர்கிட்ட சொல்லிடவா?"

"சொன்னா நேர்த்தி உடைஞ்சிடும். அவன் வராம போனா அது உன் தலையில."

நேர்த்தி என்றால் எங்களுக்குப் பெரிய விஷயம். வேறு மதக்காரர்களாக இருந்தால் அன்றைக்கே சிஸ்டரிடம் போயிருப்பார்கள். நான் புது நன்மைக்குப் படித்த பிள்ளை, சொன்னவர் உபதேசியார். கண்ணாடியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். அட்டையில் இடது குதிகால் கட்டம் காலியாக இருந்தால் சிஸ்டர் கேட்பார். டிக் போட்டேன். பக்கத்தில் பி என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று முன்பே சொன்னேன்.

மறுநாளும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. அன்றைக்கு என் கட்டில்களை லெட்சுமி பார்ப்பாள். லெட்சுமி போர்ட் கிள்ளான்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு சிஸ்டர்களோடு சகஜமாகப் பேசுவாள். முதல் ஞாயிறு உபதேசியார் அவளிடம், பிலோ நேற்றே பார்த்துவிட்டாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாவது ஞாயிறு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு, அவள் விடவில்லை. அவர் காலை இழுத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் என்னைத் துணி அலமாரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"அக்கா, உங்க உபதேசியார் கால்ல நாத்தம் வருது."

விஷயத்தைச் சொன்னேன்.

"நேத்திக்கடன்னா எனக்குத் தெரியாதா? மொட்டை போடு, பால்குடம் எடு, அலகு குத்திக்கிட்டுப் பத்துமலை ஏறு. அலகு குத்துனாலும் ஏறி முடிச்சதும் கழட்டித் திருநீறு வச்சு விட்டுருவாங்க. காலை அழுக வச்சுக் கொண்டான்னு எந்த சாமியும் கேக்கல அக்கா."

"இன்னும் ஆறு நாள்தான் லெட்சுமி. ஈஸ்டர் முடிஞ்சதும் நானே சிஸ்டர்கிட்ட சொல்றேன்."

"நாத்தத்துக்கு ஈஸ்டர் தெரியுமா?"

"என் தலையிலன்னு சொல்லிட்டாரு."

"உங்க சாமி, உங்க பாடு. ஆனா நான் டிக் போடல. ரெண்டு ஞாயித்துக்கெழமையும் காலியா விட்டிருக்கேன். பாக்காததை எப்படிப் போடுறது?"

அன்றும் டிக் போட்டேன். செவ்வாயும் போட்டேன், புதனும் போட்டேன்.

பெரிய வியாழன் அன்று எங்கள் இல்லத்தில் சாயங்காலம் பூசை. ஆண்டவர் சீடர்களின் பாதத்தைக் கழுவியதை நினைத்து ஃபாதர் பன்னிரண்டு பேர் பாதத்தைக் கழுவுவார். எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் காலையில் நாங்கள் என்ன செய்வோம் என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பன்னிரண்டு பேரின் வலது காலை மட்டும் வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு, நகம் வெட்டி, பவுடர் பூசிவைப்போம். ஃபாதர் வலது காலைத்தான் கழுவுவார். அழுக்குக் காலை நீட்டப் பெரியவர்களுக்கு வெட்கம், எங்களுக்கும் வெட்கம். வருஷா வருஷம் லெட்சுமி கேட்பாள், "கழுவின காலையே திரும்பக் கழுவப் போறாரு, இதுக்கு என்ன அர்த்தம் அக்கா?" அது அடையாளம் என்று சொல்லிவைப்பேன்.

உபதேசியார் பன்னிரண்டில் ஏழாமவர். காலையில் அவருடைய வலது காலைக் கழுவி நகம் வெட்டினேன். இடது கால் பக்கத்திலேயே இருந்தது. அவருக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது. முகம் சிவந்திருந்தது. "இன்னும் மூணு நாள் பிலோ" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

சாயங்காலம் ஃபாதர் வந்தார். புதிதாக வந்த சின்ன வயது ஃபாதர், பினாங்குக்காரர். பிரசங்கத்தில், நம் செயல்களால் மோட்சத்தை விலைக்கு வாங்க முடியாது, ஆனால் விசுவாசம் உயிரோடு இருந்தால் அது கையில் தெரியும் என்று சொன்னார். எனக்கு இது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மீதியைக் கேட்கவில்லை, உபதேசியாரின் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதம் கழுவும்போது தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு ஃபாதர் கூடவே முட்டிபோட்டு நகர்வது என் வேலை. ஃபாதர் கூஜாவிலிருந்து ஊற்றுவார், தாம்பாளத்தில் விழும், துண்டை நான் கொடுப்பேன். ஆறு பேர் முடிந்தது. ஏழாவது வந்தோம். முட்டிபோட்டிருந்தால் மூக்கு கால் உயரத்துக்கு வந்துவிடும். காலுறையின் பின்பக்கம் ஈரமாக, பழுப்பாக இருந்தது. அந்த வாசனை எனக்குத் தெரியும். இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

ஃபாதர் வலது காலைக் கழுவித் துடைத்துக் குனிந்து முத்தமிட்டார். எட்டாமவரிடம் நகரப் போனார். நான் நகரவில்லை.

"ஃபாதர், இடது கால்" என்றேன்.

"வலது கால்தான் ஆன்டி, அதான் வழக்கம்" என்று மெதுவாகச் சொன்னார்.

"தெரியும் ஃபாதர். இடது கால்."

ஆள் கூடின இடத்தில் நான் வாய் திறந்து பேசினது அதுதான் முதல் தடவை. பாடிக்கொண்டிருந்த இரண்டு ஆன்டிகளும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். உபதேசியார் குனிந்து என் காதருகே, "பிலோ, வேணாம்" என்றார். பள்ளிக் குரல் இல்லை. கெஞ்சுகிற குரல்.

அதற்குள் சிஸ்டர் எமிலி எழுந்து வந்துவிட்டார். வந்து நின்றதும் அவருக்குத் தெரிந்துபோனது.

"நேர்த்தி சிஸ்டர்" என்றார் உபதேசியார். "ஈஸ்டர் வரைக்கும். நான் விசுவாசத்தோட இருக்கேன்."

"விசுவாசம் இருக்கட்டும் உபதேசியாரே. காலுறையைக் கழட்டுங்க."

நான்தான் கழற்றப் போனேன். ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் தோலோடு வந்துவிடும், ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். சிஸ்டர் ஃபாதரைப் பார்த்து, "ஊத்துங்க ஃபாதர். மெதுவா. நிறுத்தாதீங்க" என்றார். ஃபாதர் வெளுத்துப்போன முகத்தோடு ஊற்றினார். கூஜா காலியாகும் வரைக்கும் ஊற்றினார். கடைசித் தண்ணீரில் துணி விட்டுக்கொடுத்தது.

குதிகால் கறுப்பாக இருந்தது. அதற்கு மேல் எழுதவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. மீதி ஐந்து பேருக்குத் தண்ணீரும் இல்லை, ஃபாதருக்குக் கையும் ஓடவில்லை. எட்டாம் நாற்காலியில் இருந்த மேரி ஆன்டி சாகும் வரைக்கும், "என் காலை மட்டும் கழுவாம போயிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து பேரில் அவர் ஒருவர்தான் புகார் செய்தார்.

பெரிய வெள்ளியன்று காலை சிஸ்டர் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். "நீதான் போகணும்" என்றார். முட்டிக்குக் கீழே காலை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். உபதேசியார் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நேர்த்தியை நான் உடைத்தேன், அதனால் மகன் வர மாட்டான், இனி கால் இருந்தால் என்ன போனால் என்ன என்றார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பத்து மணி போல லாரன்ஸ் வந்தான். சிஸ்டர் போன் செய்திருக்கிறார். லோரியைப் போட்டுவிட்டு அப்படியே வந்திருந்தான், இரும்பு முனை வைத்த காலணியும் மஞ்சள் சட்டையுமாக. உபதேசியார் அவனை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பூசைக்கு வந்தியா?"

"ஆஸ்பத்திரிக்கு வந்தேன்பா."

"இன்னிக்குப் பெரிய வெள்ளி."

"தெரியும். நல்லவேளை, ரோடு காலியா இருந்துச்சு." பேப்பரை எடுத்து நீட்டினான். "கையெழுத்துப் போடுங்க."

"ஈஸ்டருக்கு வருவியா?"

"மொதல்ல போடுங்கப்பா."

"வருவியா?"

"எனக்கு ஷிப்ட் இருக்கு."

உபதேசியார் என் பக்கம் கையை நீட்டி, "இவதான் உடைச்சா" என்றார். லாரன்ஸ் என்னிடம் என்ன என்று கேட்டான். சொன்னேன். கொப்பளம், எண்ணெய், காலுறை, அவன் பூசைக்கு வருவதற்காக நேர்ந்தது, எல்லாம். சொல்லி முடித்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னைக் கூப்பிடவா கால அழுக விட்டாரு? போன் பண்ணியிருக்கலாம்ல ஆன்டி. ஒம்போது வருஷமா நம்பரை மாத்தவே இல்ல."

உபதேசியார் பேப்பரை வாங்கிக்கொண்டார். பேனா கேட்டார். கையெழுத்துப் போட்டார்.

அந்த நம்பர் ஆபீசில் அவருடைய பதிவிலேயே இருந்தது. நானும் போன் செய்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. அவர் நேர்ந்தார், நான் காத்தேன், இரண்டு பேரும் அதை விசுவாசம் என்று நினைத்தோம்.

ஈஸ்டர் அன்று லாரன்ஸ் ஷிப்டுக்குப் போனான். முடிந்ததும் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அந்தப் பெண் ரசம் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். உபதேசியார் குடித்தார். உப்புக் கம்மி என்றாராம்.

நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அதே சின்ன ஃபாதர். பதினோரு டிக் பொய்யாகப் போட்டேன் என்று சொன்னேன். மூன்று தடவை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். இவ்வளவுதானா ஃபாதர் என்று கேட்டேன். மன்னிப்பு அவ்வளவுதான், இனி போய் சிஸ்டரிடம் சொல்லுங்கள் என்றார். இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது.

சிஸ்டர் மருந்து அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் திரும்பவில்லை.

"ஞாயித்துக்கெழமை கட்டம் காலியா இருந்ததைப் பாத்தேன்" என்றார். "கேக்கணும்னு நினைச்சேன். மறுநாள் உன் டிக் இருந்துச்சு. பிலோ பாத்துட்டான்னு நம்பிட்டேன்."

இருபத்தாறு வருஷத்தில் யாரும் என்னை அதைவிட மோசமாகத் திட்டியதில்லை.

"அந்த டிக்கையெல்லாம் அழிச்சிடவா சிஸ்டர்?"

"அழிக்காத. அப்படியே கட்டி வை."

கட்டி வைத்தேன். என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் நாலாம் நம்பர் கட்டிலில் ஆரம்பித்து என் வரிசையைக் கொடுத்தார், வழக்கம் போல.

ஒன்றரை மாதம் கழித்து உபதேசியார் சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார். என்னைத் தொடவிடவில்லை. லெட்சுமி வரட்டும் என்றார். அவள் அவரைக் குளிப்பாட்டிவிட்டு வந்து எனக்குக் கதை சொல்வாள்.

"உங்க உபதேசியார் எனக்கும் பாடம் எடுக்கிறாரு அக்கா. மோட்சம் போக என்ன வேணும்னு கேட்டாரு. பஸ் நம்பர் சொல்லுங்க, ஏறிடுறேன்னேன்."

"சிரிச்சாரா?"

"சிரிக்கல. நீ அவளைவிடப் பரவால்லன்னாரு."

தீபாவளிக்கு லெட்சுமி நாலு நாள் லீவு போட்டாள். வேறு ஆள் இல்லை. நான் வெந்நீர், துணி எல்லாம் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் பார்த்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. முகம், கழுத்து, கை என்று வரிசையாக வந்தேன். இடது கால் முடிகிற இடத்தைக் கழுவும்போது கேட்டார்.

"விசுவாசம் மட்டும் போதுமா?"

"போதாது உபதேசியாரே."

"நற்செயல் மட்டும் போதுமா?"

"போதாது உபதேசியாரே."

"அப்ப என்ன?"

இந்தத் தடவை எனக்குத் தெரியும். அந்த ஏழு மாதமும் ரயிலில் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

"தண்ணி ஆறிப் போச்சு" என்றார்.

"மாத்துறேன்" என்று போய் மாற்றிக்கொண்டு வந்தேன். வந்தபோது வலது காலை அவராகவே தூக்கி நீட்டிக்கொண்டிருந்தார். விரல் இடுக்கெல்லாம் துடைத்தேன். கண்ணாடியை எடுத்து அடியில் பிடித்துப் பார்த்தேன். அழுத்தியும் பார்த்தேன். அவர் காலை அசைக்காமல் காத்திருந்தார்.

"என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல உபதேசியாரே. நல்லா இருக்கு."

"அப்ப எழுது."

எழுதினேன்.

அடுத்த பெரிய வியாழனுக்கு லாரன்ஸ் வந்தான். சக்கர நாற்காலியைத் தள்ள ஆள் வேண்டும் என்று உபதேசியாரே போன் செய்து கூப்பிட்டிருந்தார். தள்ளிக்கொண்டுபோய் நாற்காலி வரிசையில் விட்டுவிட்டு, அவன் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அவன் பூசைக்கு வந்தானா வரவில்லையா என்று உபதேசியாருக்கும் மேரி ஆன்டிக்கும் ஒரு வாரம் சண்டை நடந்தது. அதற்கு ஒரு வருஷம் கழித்து உபதேசியார் இறந்தார். பெட்டியைத் தூக்கினவர்களில் முன்னால் போனவன் லாரன்ஸ்.

நான் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் எந்தக் கட்டிலுக்குப் போனாலும் முதலில் இடது குதிகாலைத்தான் பார்த்தேன். வரிசைப்படி அது கடைசியில் வர வேண்டியது. சிஸ்டர் எமிலி பார்த்துக்கொண்டுதான் இருந்தார், திருத்தவில்லை. அவரும் இப்போது இல்லை.

ரெஜினா, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்ய வேண்டும். பழைய அட்டைகள் துணி அலமாரிக்குப் பின்னால் இருக்கிற அறையில் கட்டுக் கட்டாக இருக்கும், எறியாமல் இருந்தால். சவரிமுத்து என்ற பெயரைத் தேடி எடுக்கவும். இடது குதிகால் வரிசையில் இரண்டு ஞாயிறு காலியாக இருக்கும், அது லெட்சுமி. அதைச் சுற்றி அழகான கையெழுத்தில் பி என்று இருப்பது நான். பதினோரு டிக் என்று எழுதியிருக்கிறேன், ஃபாதரிடமும் அப்படித்தான் சொன்னேன். பெரிய வியாழன் காலையில் வலது காலைக் கழுவிவிட்டு இடதுக்கும் போட்டேனா இல்லையா என்பது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. போட்டிருந்தால் பன்னிரண்டு. தயவுசெய்து யாராவது பார்த்துச் சரியானதை எழுதவும். நான் சொல்கிறேன் என்று நம்பிவிட வேண்டாம்.